அப்பா நடித்த கப்பல்

அந்த வருடம் அப்பா கதிர்காம முருகனுக்கு நேர்ந்துகொண்டு தாடி வளர்த்திருந்தார். அந்தத் தாடிதான் அவரைச் சினிமாவில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கண்டி நகரத்தில், சந்தையிலிருந்து அதிகத் தூரமில்லாத ஒரு குறுக்குத் தெருவில் எங்களுக்குப் பாத்திரக்கடை இருந்தது. முன்பு இரண்டு கடை அகலம். தமிழர் கடைகளைத் தேடி எரித்த கலவரத்தில் அதுவும் எரிந்துபோன பிறகு, பாதி இடத்தில், பாதிச் சாமானோடு மறுபடி திறந்தோம். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரு வக்கீலின் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்த அக்கா, அந்த வேலையை விட்டுவிட்டு அப்பாவுக்குத் துணையாகக் கடையில் வந்து நின்றாள். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டதும் நேரே கடைக்குத்தான் வருவேன்.

இடம் போதாததால் குடங்களையும் பெரிய சட்டிகளையும் கூரைச் சட்டத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருந்தோம். வாங்க வந்தவர்கள் மேலே கைகாட்டினால், மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறி எடுத்துக் கொடுப்பது அக்காவின் வேலை. அப்பாவுக்கு உயரம் ஆகாது. ஏணியில் இரண்டு மூன்று படி ஏறினாலே தலை சுற்றி, முகம் வெளுத்து இறங்கிவிடுவார். வீட்டில் பல்ப் மாற்றுவதுகூட நாங்கள்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெளிநாட்டுப் படக் கம்பெனி கண்டிக்குக் கிழக்கே திகனப் பக்கம் வந்து இறங்கியது. விக்டோரியா அணை கட்டி, பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர் நிரம்பிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அந்தத் தண்ணீரில் பழைய காலத்துப் பாய்மரக் கப்பலைப் போல ஒன்றைக் கட்டி மிதக்கவிட்டுப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. நாட்டைச் சுற்றிக் கடல் இருக்கும்போது எதற்காக மலைக்குள் வந்து கப்பல் கட்டுகிறார்கள் என்று சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் விவாதம் நடந்தது. கடலில் அலை அடிக்கும், கமரா ஆடும், இங்கே தண்ணீர் சொன்னபடி கேட்கும் என்று யாரோ விளக்கம் சொன்னார்கள்.

ஆள் பிடிக்க ஒரு தரகர் கடை கடையாக வந்தார். கப்பலில் பயணம் போகும் ஏழைக் கூட்டமாக நடிக்க, ஒல்லியான, தாடி வைத்த, கொஞ்சம் வயதான ஆண்கள் வேண்டுமாம். எங்கள் கடை வாசலில் நின்று அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, இந்தத் தாடிய இந்த மாசம் எடுத்துறாதீங்க" என்றார்.

"எடுக்க மாட்டேன். சாமிக்கு வளத்தது" என்றார் அப்பா.

"அப்ப சரி. சாமிக்கு முன்னாடி சினிமாவுக்கு ஒரு ரெண்டு நாள் குடுங்க."

அப்பா என்னையும் அக்காவையும் பார்த்தார். கடை எரிந்ததற்குப் பிறகு அவர் வெளியே எங்கும் போனதில்லை. கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போவது, கோயிலுக்குப் போவது, அவ்வளவுதான். "போயிட்டு வாங்கப்பா, கடைய நான் பாத்துக்குறேன்" என்று அக்கா உடனே சொன்னாள்.

இரண்டு நாளும் விடியற்காலையில் வேன் வந்து கூட்டிப்போனது. இரண்டாம் நாள் மாலை திரும்பி வந்தபோது அப்பாவின் முகத்தில் கரி, வேட்டியில் கரி, குரல் கட்டிப்போயிருந்தது. சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஆவலாகக் கேட்டாள்.

"என்னாப்பா செய்யச் சொன்னாங்க?"

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "பாய்மரத்துல ஏறச் சொன்னாங்கம்மா" என்றார். "ஏறினேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே நின்றால் சிரித்துவிடுவேன் என்று பயம்.

முதலில் சும்மா ஏறியதாகத்தான் கதை இருந்தது. பிறகு உச்சியில் நின்று கையைக் கண்ணுக்கு மேலே வைத்துத் தூரத்தைப் பார்த்ததாக வளர்ந்தது. அடுத்த மாதம் மழையும் காற்றும் வந்துவிட்டன. கூட ஏறிய வெள்ளைக்காரனுக்குக் கால் நடுங்கியது. அப்பாதான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். சிலர் கதைக்காகவே வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு ஒரு கரண்டியாவது வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் கடையை மூடும்போது அக்காவிடம் கேட்டேன். "நீ ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?"

அவள் ஏணியைச் சுவரோரம் படுக்கவைத்துக்கொண்டே சொன்னாள். "எத்தன வருஷமா அந்த மனுசன் வாய தொறந்து நாலு வார்த்த பேசாம இருந்தாரு. இப்ப பேசுறாரு. பேசட்டும் விடு."

கப்பலைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் கேட்டபோதெல்லாம் அப்பா, "படம் முடிஞ்சதும் ஒடச்சிட்டாங்களாம்மா" என்று சொல்லிவிடுவார். நாங்களும் அதை நம்பியிருந்தோம்.

ஒரு வருடம் போயிருக்கும். திகனயிலிருந்து ஒரு மர வியாபாரி கல்யாணத்துக்குப் பெரிய சோற்றுச் சட்டிகள் பார்க்க வந்தார். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம், நல்ல கனத்த உடம்பு. அப்பாவைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"மொதலாளி! தாடி இல்லாம ஆளத் தெரியவே இல்லயே. கப்பலுக்கு வந்தீங்களே, ஞாபகம் ஈக்கிதா?"

கப்பலுக்கு மரம் கொடுத்தவர் அவர்தான். படப்பிடிப்பு நடந்த நாளெல்லாம் அங்கேயே நின்றவர். கம்பெனிக்காரர்கள் திரும்பிப் போகும்போது கப்பலை மரத்துக்காக அவரிடமே விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"கப்பல இன்னும் ஒடைக்கலீங்களா நானா?" என்று கேட்டாள் அக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"எங்க மகள் ஒடைக்கிறது? ஞாயித்துக்கெழம ஆனா அலவத்துகொட, கடுகண்ணாவ, எங்கெங்கயோ ஈந்தெல்லாம் சனம் பாக்க வாராங்க. ஆசையோட வாரவங்கள வாணாம்னு செல்ல ஏலுமா? நீங்களும் வாங்களே. வாப்பா நடிச்ச கப்பல் தானே. எங்கட ஊட்டுல தின்னுட்டுத்தான் போகணும்."

அப்பா ஒரு சட்டியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம வாறோம் நானா" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினோம். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அக்கா பழுப்பு நிறப் பருத்திச் சேலை. குண்டசாலை தாண்டியதும் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். தமிழ்ப் பெயரைக் கண்டதும் எங்கள் மூவரின் அட்டையையும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்கள். அப்பா கப்பல் பார்க்க என்றார். அட்டையைப் பிடித்திருந்த இளம் சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானும் போன கிழமை போய்ப் பார்த்ததாகச் சொல்லி அட்டைகளைத் திருப்பித் தந்தான்.

திகனயில் வியாபாரியின் லொறி காத்திருந்தது. முன்னால் அவரோடு நாங்கள் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பியதும் மரங்களுக்கு நடுவே தண்ணீர் தெரிந்தது. தண்ணீரில் கப்பல் நின்றது.

படத்தில் பார்ப்பதைப் போலவே இருந்தது. கறுப்பும் மஞ்சளுமாகப் பூசிய உடம்பு, மூன்று பாய்மரங்கள், வலை போல மேலே போகும் கயிறுகள், பின்பக்கம் பொன்நிறச் சட்டம் போட்ட ஜன்னல்கள். அதன் முதுகுக்குப் பின்னால் மலைகள் நீலமாக நின்றன. மலைக்கு முன்னால் கப்பலைப் பார்ப்பது ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அழகான தப்பு. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிட்டே போனபோதுதான் விஷயம் புரிந்தது. கமரா பார்த்த பக்கத்துக்கு மட்டும்தான் பூச்சும் பொன்னும். மறுபக்கம் வெறும் பலகை, முட்டுக்கட்டை, துருப்பிடித்த ஆணி. கீழே மிதக்க வைத்திருந்தது இரும்புப் பீப்பாய்கள். பலகைப் பாலத்தில் நடந்து மேல்தட்டுக்கு ஏறினோம். அக்கா கடையில் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். பீரங்கி "டொக்" என்றது. "பிளாஸ்டிக்" என்றாள். முன்பாய்மரம் "டிங்" என்றது. "இரும்புக் கொழாய்." நடுப் பாய்மரத்தைத் தட்டினாள். சத்தமே வரவில்லை.

"அது மரம் தான் மகள்" என்றார் வியாபாரி பெருமையாக. "தோட்டத்துல ஈந்து நானே பாத்து எடுத்த ஒத்த யூக்கலிப்டஸ். அதுல ஏறி விழுந்து நடிக்க ஆளுங்க வந்தாங்க. அதால கயித்துக்குள்ள இரும்புக் கம்பி வெச்சி கட்டி ஈக்கிறாங்க. யானை ஏறினாலும் அறாது."

கப்பலில் ஏற்கனவே பத்திருபது பேர் நின்றார்கள். பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள். சுக்கானைப் பிடித்துக்கொண்டு மூன்று இளைஞர்கள் மாறி மாறிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் அப்பாவைக் கண்டதும் மற்றவர்களின் முதுகில் தட்டினான்.

"டேய், பாத்திரக்கட ஐயா! நம்ம சலூன்ல சொன்னாங்களே, பாய்மரத்துல ஏறினவரு."

அவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மற்றக் குடும்பங்களும் திரும்பிப் பார்த்தன. அப்பா தப்பிக்கப் பார்த்தார். ஆனால் ஆட்கள் ஆவலாகக் கேட்கும்போது அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மெதுவாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் காற்று வந்துவிட்டது, மழை வந்துவிட்டது, வெள்ளைக்காரனின் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அவர் கையை நீட்டி உச்சியைக் காட்டியபோது எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பாய்மரத்தின் பாதிக்கு மேலே ஒரு சிறிய பலகைத் தட்டு இருந்தது. அங்கேதான் நின்றாராம்.

"நெசமாவா நானா?" என்று போட்டோக்காரப் பையன் வியாபாரியிடம் கேட்டான். "நீங்களும் பாத்தீங்களா?"

வியாபாரி ஒரு நொடி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா தண்ணீரைப் பார்த்தார்.

"ஓ, பாத்தேனே" என்றார் வியாபாரி. "நல்லா ஏறினாரு."

"அப்ப ஒருக்கா ஏறிக் காட்டுங்களேன் ஐயா. கொஞ்சம்தான். ஒரு போட்டோ எடுத்துக்குறோம்."

"இப்ப முட்டி வலி தம்பி."

"நாலு படி மட்டும் ஐயா!"

"இல்லப்பா, வேட்டியோட..."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கெட்ட பையன்கள் இல்லை. ஆனால் ஒருவன் பக்கத்தில் இருந்தவனின் காதில் ஏதோ சொல்ல, இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் மறுபக்கம் திரும்பினார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராகப் பரவியது. ஒரு அம்மாள் வாயைச் சேலையால் மூடிக்கொண்டார். அப்பா தன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன.

அக்கா தன் கைப்பையை என்னிடம் நீட்டினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தந்தாள். செருப்பைக் கழற்றிப் பீரங்கிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு, கொசுவத்தை முழங்கால் வரை தூக்கி இறுக்கிக் கட்டினாள். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி பொது இடத்தில் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"என்னாக்கா செய்யுற?" என்றேன்.

"எங்க அப்பாவுக்கு முட்டி வலி" என்று அந்தப் பையன்களைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு இல்ல."

அடுத்த நிமிடம் அவள் கப்பலின் விளிம்பில் நின்று கயிற்றைப் பிடித்துவிட்டாள்.

கீழே இருந்து பார்க்க அவள் ஏறுவது கடையில் ஏறுவதைப் போலவேதான் இருந்தது. அவசரமே இல்லை. ஒரு கை, ஒரு கால், மறு கை, மறு கால். கயிறு முதலில் ஆடியது. பிறகு அவளுடைய கனத்துக்குப் பழகி இறுகியது. அவளுடைய உள்ளங்கால்கள் வெள்ளையாகத் தெரிந்துகொண்டே மேலே போயின.

பாதி உயரம் தாண்டியபோது காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. அவள் நின்றாள். கயிற்றோடு உடம்பை ஒட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அப்பாவுக்குக் குரல் வந்தது.

"அம்மாடி! இறங்கு! போதும்மா, இறங்கி வா!"

அவள் அசையவில்லை.

அப்பா ஓடிப்போய் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்தார். ஏறத்தான் போகிறாரோ என்று நினைத்தேன். ஒரு காலை விளிம்பில் வைத்தார், வைத்த கால் நடுங்கியது, எடுத்துவிட்டார். பிறகு, சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோனவராக அண்ணாந்து கத்தினார்.

"நான் ஏறலம்மா! ஏறவே இல்ல! பொய் சொன்னேன்! கீழ அடித்தட்டுக்குள்ளதான் அடச்சி வச்சிருந்தாங்க, வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தேன்! எனக்காக ஏறாதம்மா! எறங்கி வந்துரு!"

கப்பலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் கமராவைக் கீழே இறக்கிவிட்டான்.

மேலே இருந்து அக்காவின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது, ஆனாலும் கடையில் பேசுவதைப் போலச் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தெரியும்பா. அப்பவே தெரியும். நீங்க கயித்த விடுங்க, ஆடுது. ஒக்காருங்க. இவ்வளவு தூரம் வந்துட்டேன், மேல போய்ப் பாத்துட்டு வாறேன்."

அப்பா கயிற்றை விட்டார். பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா மேலே போனாள். தட்டின் விளிம்பைப் பிடித்து, வயிற்றால் ஊர்ந்து, எழுந்து பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த மூன்று பையன்களும்தான் பலமாகத் தட்டினார்கள். அவள் எங்களைக் குனிந்து பார்க்கவே இல்லை. தண்ணீரையும் மலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. எனக்கு நெடுநேரமாகத் தோன்றியது. வியாபாரி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே நின்றார்.

இறங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. காலால் தடவித் தடவிப் படி தேட வேண்டியிருந்தது. கடைசிப் படியில் வியாபாரியும் அந்தப் பையனும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். அவள் சேலையை அவிழ்த்துச் சரிசெய்துகொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு அப்பாவிடம் வந்தாள். அப்பா எழுந்தார். அவளுடைய நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படிச் செய்திருப்பார். அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

"மேல காத்து நல்லா இருந்திச்சிப்பா" என்றாள்.

பையன் வந்து நின்றான். "மன்னிச்சிக்கங்க ஐயா" என்றான். அப்பா அவன் தோளில் தட்டி, "நீ என்னா செய்வ தம்பி, நான் சொன்னது அப்பிடி" என்றார்.

வியாபாரியின் வீட்டுக்குப் போன பிறகுதான் அக்காவின் உள்ளங்கைகளைப் பார்த்தோம். இரண்டிலும் தோல் உரிந்து கொப்புளம் உடைந்திருந்தது. வியாபாரியின் மனைவி ஒரே சத்தமாகக் கணவரைத் திட்டினார்.

"பாத்துக்கிட்டா நின்டீங்க? வயசுப் புள்ளய அதுல ஏறவுட்டுட்டு!"

"நான் வுட்டனா? அவ ஏறிட்டா!"

அந்த அம்மா அக்காவை உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் உட்காரவைத்துக் கைகளைக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டினார். சோறு பரிமாறியதும் அக்கா கட்டுப் போட்ட கைகளோடு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி கேட்டாள். அந்த அம்மா கரண்டி கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கோழிக்கறியைப் பிசைந்து உருட்டினார்.

"வாயத் தொறங்க மகள்."

அக்கா கூச்சப்பட்டாள். பிறகு வாயைத் திறந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். கண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது. மேலே ஏறும்போது வராத அழுகை. அந்த அம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த உருண்டையை உருட்டினார். எங்களுக்கு யாராவது ஊட்டி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

முன் அறையில் அப்பா தலை குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வியாபாரி அவருடைய தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்தார்.

"மொதலாளி, நீங்க ஏன் அந்தக் கதையச் செல்லிக்கிட்டு ஈந்தீங்க? நீங்க செஞ்சதே பெரிய கதை தானே!"

அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "வேணாம் நானா."

"என்னா செஞ்சாரு?" என்று அக்கா உள்ளே இருந்து கேட்டாள்.

"வேணாங்க, புள்ளைங்க இருக்குதுங்க" என்று அப்பா கெஞ்சினார். ஆனால் வியாபாரிக்கு ஏற்கனவே வயிறு குலுங்க ஆரம்பித்துவிட்டது.

அவர் சொன்னது இதுதான். படத்தில் ஏழைகளை அடித்தட்டில் அடைத்து மேல் மூடியைப் போட்டுவிடுவார்கள். உள்ளே நாற்பது ஐம்பது பேர், சுடச்சுட விளக்குகள், வேண்டுமென்றே ஊதிய புகை. பீப்பாய்களின் மேல் கப்பல் இலேசாக ஆடும். அப்பா வாந்தி எடுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் மூச்சு முட்டி மயங்கிச் சரிந்திருக்கிறார். படம் ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவரும் மூடியைத் திறக்கவில்லை. உடனே அப்பா எழுந்து, அந்த மூடியைத் தலைக்கு மேலே இரண்டு கைகளாலும் குத்தி, தன் வாழ்நாளில் தெரிந்துவைத்திருந்த அத்தனை கெட்ட வார்த்தைகளையும் சேர்த்து, அதைத் திறக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். மூடி திறந்தது. கிழவரை வெளியே தூக்கி, முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினார்கள்.

"ஆனா அந்த டைரக்டர் தொரைக்கு ஒரே சந்தோசம்" என்றார் வியாபாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாஷ வெளங்கல்ல தானே அவருக்கு. நல்ல நடிப்பாம். திருப்பி உள்ளுக்குப் போட்டு, அதையே கத்தச் செல்லி, நாலஞ்சு தரம் எடுத்தாரு! மொதலாளி ஒரு தரம் போல இன்னொரு தரம் இல்லாம, புதுசு புதுசா..."

"நானா!" என்றார் அப்பா.

"நாங்க கரையில நின்டு காதப் பொத்திக்கிட்டோம்!"

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கட்டுப் போட்ட கைகளை முகத்தில் வைத்துக்கொண்டு, கதிரையில் முன்னும் பின்னும் ஆடிச் சிரித்தாள். எனக்கும் தாங்கவில்லை. எங்கள் முன்னால் "சனியன்" என்ற வார்த்தையைக்கூடச் சொல்லாத மனிதர் எங்கள் அப்பா. அன்று மாலை குரல் கட்டிப்போய் வந்து உட்கார்ந்தவர், மகள் கேட்டதற்கு எதைச் சொல்வார்? கண்ணில் பட்ட பாய்மரத்தைச் சொல்லிவிட்டார்.

"அப்பா, என்னான்னு கத்துனீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள் அக்கா.

"சாப்புடும்மா, சாப்புடு. இனிப்புக்கு வட்டிலப்பம் வருது பாரு" என்றார் அப்பா. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கப்பலை அடுத்த வருடம் மழைக்கு முன்னால் உடைத்துவிட்டார்கள். நடுப் பாய்மரத்தை அறுத்து யாரோ வீட்டுக்கு உத்தரமாகப் போட்டதாகக் கேள்விப்பட்டோம். படத்தை வெகு காலம் கழித்து வாடகை வீடியோவில் பார்த்தோம். கப்பல் ஒரு நிஜக் கடலில் நிற்பதுபோலவே இருந்தது. அடித்தட்டுக் காட்சி வந்தது. இருட்டு, புகை, முகங்கள். அதில் அப்பாவின் முகம் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. திடீரென்று ஒரு குரல் மூடியைக் குத்திக்கொண்டு எழும்ப ஆரம்பித்தது. அப்பா கதிரையை விட்டுத் தாவிப்போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது கப்பலோ படமோ இல்லை, அதற்கு ஒரு மாதம் கழித்து நடந்த ஒன்று.

கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போவது எப்போதும் அப்பாதான். அக்கா பல தடவை தான் போவதாகக் கேட்டிருக்கிறாள். காலம் சரியில்லை, பொம்பளப் பிள்ளை, வழியில் சோதனைச்சாவடி என்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அந்த மாதம் அவள் கேட்கவே இல்லை. கைப்புண் ஆறி, தோல் புதிதாக வந்திருந்தது. ஒரு நாள் காலை சாப்பிடும்போது அப்பா தானாகவே சொன்னார்.

"வர்ற திங்கக்கெழம கொழும்பு பொறக்கோட்டைக்கு நீ போயிட்டு வாம்மா."

அக்கா தோசையைப் பிய்த்தபடியே, "சரிப்பா" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை காலைப் புகைவண்டிக்கு நானும் அப்பாவும் கூடப் போனோம். அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அப்பா மேடையில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். அடையாள அட்டையைக் கைப்பையின் அடியில் வைக்காதே, மேலே வை. எந்தக் கடைக்காரர் நல்லவர், யார் பேச்சை நம்பக் கூடாது. வெயிலில் நடக்காதே. மத்தியானம் எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வண்டி நகர்ந்த பிறகும் கூடவே நாலடி நடந்து, "தண்ணி குடிக்க மறந்துறாத!" என்றார். பிறகு நின்றுவிட்டார். மேடை காலியாகும்வரை நின்றார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

மாலையில் நாங்கள் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் இறங்கி, சாமான் கட்டுகளுக்கு நடுவே நின்று சுமைகாரரோடு விவாதித்துக்கொண்டிருந்தாள். முகம் கறுத்து, முடி கலைந்து, நல்ல சந்தோஷமாக இருந்தாள். கடையில் கொண்டுபோய்க் கட்டுகளைப் பிரித்தோம். அப்பா எப்போதும் வாங்கும் அலுமினியச் சட்டிகளும் எவர்சில்வர்க் குடங்களும் இருந்தன. அவற்றுக்கு அடியில், வைக்கோலில் சுற்றி, பூப்போட்ட பீங்கான் பூச்சுக் கோப்பைகள். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று விதவிதமாக.

அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யாரும்மா வாங்குவா?"

"வாங்குவாங்கப்பா."

"இவ்வளவு கலரா?"

"வாங்குவாங்க."

அப்பா துணியை எடுத்து ஒவ்வொன்றாக வைக்கோல் தூசி போகத் துடைத்து, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வாசல் தட்டில் வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்.